பின்னாடி வரச் சொன்னேனா

கனகலிங்கத்தின் கண் எந்த உயரத்தில் வரும் என்று குளோரிக்குத் தெரிந்துவிட்டது, இனி மெஷினை ஓட்டவேண்டியதுதான் பாக்கி. அவன் காரில் தள்ளி வைத்திருந்த சீட்டை அசைக்காமல் அதிலேயே ஏறி உட்கார்ந்து, அவன் தன்னைவிட ஒரு சாண் உயரம் என்பதையும் மனதில் வைத்து, முன்கண்ணாடியின் உள்பக்கம் மெழுகுப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருந்தாள். கீறல் இருக்கிற இடத்தை உள்ளே இப்படி வட்டம் போட்டுக்கொண்டு வெளியே நின்று தேய்ப்பதுதான் தொழில். இன்றைக்கு வட்டத்துக்குள் கீறல் இல்லை, ஒரு ஆளின் பார்வைதான் இருந்தது. காலையில் அவனேதான் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து தகரக் கொட்டகை முன்னால் நிறுத்தினான். ஏம்மா, கடைக்காரர் இல்லையா என்றான். பொடி மூக்கில் ஏறாமலிருக்க முகத்தில் துணி கட்டியிருந்தாள், தலையில் தொப்பி, அவனுக்கு எங்கே அடையாளம் தெரியப்போகிறது, துணி இல்லாவிட்டாலும் தெரிந்திருக்காது. அவளுக்குத் தெரிந்தது. குரல் காதில் விழுந்ததுமே துணியை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். கண்ணாடி பூராவும் குத்துக் குத்தாய் விழுந்து அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிட்டது, சாயங்கால வெயிலுக்கு எதிரே போனால் ஒன்றும் தெரியவில்லை, வைப்பரும் தன் பங்குக்குக் கீறிவைத்திருக்கிறது, தேய்த்துச் சரிபண்ண முடியுமா என்று கேட்டான். முடியாது என்பதுதான் நேர்மையான பதில். மேலோட்டமான கீறலைத் தேய்த்து எடுக்கலாம், கல் தெறித்த குத்தை எடுக்க முடியாது, அவ்வளவு ஆழத்துக்குத் தேய்த்தால் கண்ணாடியே கெட்டுவிடும், புதிதாக மாற்றுங்கள் என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். இவனிடம், விட்டுட்டுப் போங்க அண்ணாச்சி, சாயங்காலம் வாங்க, பாத்துக்கிடுவோம் என்றாள். பின்னாலேயே பைக்கில் வந்த தன் ஆளோடு அவன் ஏறிப் போய்விட்டான்.

பாலிஷ் பொடியைத் தண்ணீரில் குழைத்தால் காவி கலந்த பால் நிறத்தில் வரும். மெஷினின் முனையில் கம்பளி வட்டு, அதில் இந்தக் குழம்பைத் தடவிக் கண்ணாடியில் வைத்து ஓட்டவேண்டும், நிற்காமல் ஓட்டவேண்டும், அதுதான் முதல் பாடம். ஒரே இடத்தில் நின்றால் கண்ணாடி அங்கே மட்டும் தேய்ந்து பள்ளம் வாங்கும், கையால் தடவினால் தெரியாது, பகலில் பார்த்தாலும் தெரியாது, ஆனால் அந்த இடத்தின் வழியாக எதைப் பார்த்தாலும் அது நெளியும், இருட்டில் எதிரே வருகிற விளக்கு ஒன்றுக்கு மூன்றாய் உடைந்து கண்ணில் அடிக்கும். அலை வாங்கிட்டு என்று அவள் புருஷன் ஆசீர் சொல்வார். ஆசீர் கடையை நடத்திய காலத்தில் ஒரே ஒரு கண்ணாடி அலை வாங்கியது, அதைச் சொல்லாமல் கொடுக்க மனசு வராமல் தன் செலவில் மாற்றிக் கொடுத்தார். அப்படிப்பட்ட மனுஷன். அவருக்குத்தான் அப்படி நடந்தது. இப்போது குளோரி வட்டத்தின்மேல் மெஷினை வைத்து நின்றாள். நகர்த்தவில்லை. பணகுடிக் காற்று கொட்டகையின் ஒரு வாயில் நுழைந்து மறுவாயில் வெளியேறிக்கொண்டிருந்தது, ஆனி பிறந்தால் இந்தக் காற்றுக்கு வேறு வேலை கிடையாது, காற்றாலைக்காரனுக்குக் கொண்டாட்டம், மற்றவன் வாயிலெல்லாம் மண். நாற்கரச் சாலையில் டிப்பர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெற்கே போய்க்கொண்டிருந்தன. பாதிக்கு மேல் இவனுடையவை, கதவில் மயில் படம் போட்டிருக்கும். ஒன்றிலும் தார்ப்பாய் கிடையாது. இந்தக் கண்ணாடியில் குத்தியிருக்கிற ஒவ்வொரு புள்ளியும் அவனுடைய குவாரி மண்ணாகத்தான் இருக்கும், தன் லாரிக்குப் பின்னாலேயே தினமும் போய்த் தன் கண்ணாடியைத் தானே பொத்தல் போட்டிருக்கிறான், அது அவனுக்கு உறைத்திருக்குமா, உறைக்காது. உறைக்கிற ஜென்மமாக இருந்தால் அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பானா.

அந்த வார்த்தை. அதை நினைக்கக்கூடாது என்று நினைக்கிற அன்றைக்குத்தான் அது சோற்றில் கல்லாய்க் கடிபடும். நாகர்கோவில் ஆஸ்பத்திரி, கட்டில் ஓரத்தில் அவள், கட்டிலில் ஆசீர், இரண்டு கண்ணுக்கும் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். வலது கண்ணில் ஜல்லிச் சில்லு. மதியச் சாப்பாட்டுக்குப் பைக்கில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர், முன்னால் போன மயில் படம் போட்ட டிப்பர் பள்ளத்தில் இறங்கி ஏறியது, அவ்வளவுதான். தலைக்கவசம் போட்டிருந்தார், அன்றைக்குப் பார்த்து அதன் முன்மூடியை ஏற்றிவிட்டிருந்தார், வெக்கையாக இருந்தது குளோரி என்று அப்புறம் சொன்னார், என்னவோ அவள்தான் அதற்கு அவரை மன்னிக்கவேண்டும் என்பதுபோலச் சொன்னார். போலீஸ்காரர் சொல்லி அனுப்பியதால் கனகலிங்கம் வந்தான். வந்தவன் உட்காரவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றான், காதில் ஃபோன், யாரிடமோ லோடு விஷயம் பேசிக்கொண்டே கட்டிலைப் பார்த்தான், கட்டிலில் கிடக்கிற ஆளைப் பார்த்த மாதிரி இல்லை. தார்ப்பாய் போட்டிருந்தா இது நடந்திருக்குமா அண்ணாச்சி என்று அவள் கேட்டாள், சண்டைக்குக்கூடக் கேட்கவில்லை, அழுதுகொண்டே கேட்டாள். அவன் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னான்.

"நான் என்ன, லாரிக்குப் பின்னாடி வரச் சொன்னேனா?"

சொல்லிவிட்டு ஃபோனில் விட்ட இடத்திலிருந்து பேசிக்கொண்டே போய்விட்டான். ஆசீர் கட்டுக்குள்ளிருந்து, யாரு குளோரி அது என்று கேட்டார். யாருமில்லை என்றாள். அந்த ஒரு பொய்யைத் தவிர அவருக்கு அன்று அவளால் எதுவும் செய்ய முடியவில்லை. வரச் சொன்னேனா. அதற்கு அன்றைக்கே ஒரு பதில் சொல்லியிருக்கவேண்டும். அதன்பிறகு நாலு வருஷமாகப் பதில்கள் வந்துகொண்டே இருக்கின்றன, பாத்திரம் தேய்க்கும்போது ஒன்று, பஸ்ஸில் ஒன்று, ரோடு உனக்கு உங்கப்பன் எழுதி வச்சதா, உன் மகன் பின்னாடி வந்திருந்தா இப்படித்தான் கேட்பியா, ஒவ்வொன்றும் முந்தினதைவிடக் கூராக. மழை ஓய்ந்தபிறகு குடை பிடித்து என்ன பிரயோசனம். வேதக்கோவிலில் போதகர் ஐயர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினார், எல்லோரும் ஆமென் சொன்னார்கள், குளோரி சொல்லவில்லை. மன்னிக்கச் சொன்ன ஐயருக்கு இரண்டு கண்ணும் இருந்தது.

மெஷின் கையில் அதிர்ந்துகொண்டிருந்தது, தோள்வரை ஏறியது. நகர்த்து, நகர்த்து என்று கை பழக்கத்தில் சொன்னது, அவள் கேட்கவில்லை. வீட்டில் தண்ணீர் ஊற்றும்போது ஆசீர் ஒரு கையால் தம்ளரின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு ஊற்றுவார். முதல் மாதம் அப்படித் தொடாமல் ஊற்றினார், தண்ணீர் தம்ளருக்கு இந்தப் பக்கம் விழுந்து மேசையெல்லாம் ஓடியது, ஒற்றைக் கண்ணுக்குக் கிட்ட எது எட்ட எது என்று பிடிபடவில்லை. அவர் சிரித்தார். அவள் துடைத்தாள். படியில் இறங்கும்போது காலால் தடவிப் பார்த்து இறங்குவார், எதையாவது உற்றுப் பார்க்கவேண்டுமென்றால் தலையை இப்படியும் அப்படியும் அசைப்பார், கோழி பார்க்கிற மாதிரி என்று பிள்ளைகள் சொல்லிச் சிரித்தபோது அவரும் கூடச் சிரித்தார். மெஷின் பிடித்தால் வட்டு எங்கே கண்ணாடியைத் தொடுகிறது என்று கணக்குத் தப்பியது, இரண்டு வண்டி பெயின்ட் போனது, அதோடு மெஷினை அவள் கையில் கொடுத்துவிட்டு அவர் டீ வாங்கிவருகிற ஆளாக ஆனார். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெளியே வருவதில்லை. வாசலில் கோலமாவுக்காரி வந்தால்கூட முதலில் கண்ணாடியைத் தேடுவார். அவர் ஒரு நாளும் அவனைத் திட்டியதில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை, அவருக்கும் சேர்த்து அவளே கோபப்பட வேண்டியிருந்தது, ஒரு ஆள் இரண்டு பேர் சுமையைத் தூக்கினால் இடுப்பு ஒடியாதா. தேய், இன்னும் தேய். அவனும் பார்க்கட்டும். ஒரு விளக்கு மூன்றாகத் தெரிந்தால் எது நிஜம் என்று தலையை அசைத்து அசைத்துப் பார்க்கட்டும்.

அவள் அவனை மனசுக்குள் சாலையில் ஓட்டிப் பார்த்தாள். பொழுது சாய்ந்துவிட்டது, அவன் குவாரியிலிருந்து தனியாக வருகிறான், ஒரு கை ஸ்டீயரிங்கில், ஒரு கை ஃபோனில். எதிரே விளக்கு. விளக்கு உடைகிறது. அவன் கண்ணைச் சுருக்குகிறான், வண்டி மெல்ல வலது பக்கம் ஒதுங்குகிறது, அங்கே ஒரு பனை, நல்ல முற்றின பனை, அதில் போய் மோதட்டும். இந்த இடத்தில் அவளுக்கு இனித்தது. மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள். குவாரி, ஃபோன், எதிரே விளக்கு. அந்த விளக்கு எதனுடையது என்று இந்தத் தடவை ஒரு யோசனை வந்தது. ஏதோ ஒரு விளக்கு, லாரியாக இருக்கும், லாரிக்கு ஒன்றும் ஆகாது. மறுபடி. குவாரி, ஃபோன், விளக்கு. ஒற்றை விளக்கு. லாரிக்கு ஏது ஒற்றை விளக்கு. சே, பைக் வேண்டாம், எடுத்துவிடு. அவள் பைக்கை எடுத்துவிட்டு ஓட்டினாள், இன்னொரு பைக் வந்தது. பனையைச் சாலைக்கு இன்னும் பக்கத்தில் நட்டுப் பார்த்தாள், பைக்காரன் பனைக்கு முன்னாலேயே வந்துவிட்டான். ஹாண்டிலில் ஒரு சாப்பாட்டுப் பை தொங்கியது. வெக்கையாக இருக்கிறது என்று தலைக்கவசத்தின் முன்மூடியை ஏற்றிவிட்டிருந்தான். யார் பெற்ற பிள்ளையோ, எவள் வீட்டில் சோற்றை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளோ. போ, போ என்று அவள் பல்லைக் கடித்தாள், நாசமாய்ப் போறவனே, உன்னை எவன் இந்த நேரத்தில் இங்கே வரச் சொன்னான் என்று பைக்காரனைத் திட்டினாள். திட்டின வார்த்தை தன் காதிலேயே விழுந்தது. எவன் வரச் சொன்னான். அது கனகலிங்கத்தின் வார்த்தை. அவளுடைய வாய்க்குள் இருந்தது, நாலு வருஷமாகச் சப்பிச் சப்பி அவளுடைய எச்சில் ஊறிய வார்த்தை. மெஷினை நிறுத்தினாள்.

நிறுத்திவிட்டால் ஆயிற்றா. கண்ணாடி என்னவோ ஏற்கெனவே வாங்கவேண்டியதை வாங்கிவிட்டது. குழம்பைத் துடைத்துவிட்டுச் சீட்டில் ஏறி உட்கார்ந்து உன்னிப் பார்த்தாள், எதிரே நின்ற மின்கம்பம் வட்டத்துக்குள் வந்ததும் இடுப்பில் நெளிந்தது. இதைத் திரும்ப நேராக்க எந்தப் பொடியாலும் முடியாது. அலை வாங்கிட்டு அண்ணாச்சி, தப்பு என்னுது, மாத்தித் தாரேன் என்று அவனிடம் போய்ச் சொல்வதா. அவனிடமா. தப்பு என்னுது என்றா. அதைவிட இந்த மெஷினை விழுங்கலாம். சொல்லாமல் விட்டால் அந்தப் பைக்காரன். அவள் இறங்கிப் புறங்கையைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள், அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் மாதிரி கொதித்தது. வட்டத்துக்குப் பக்கத்திலேயே ஓரமாக ஒரு ஆழமான குத்து இருந்தது, அதிலிருந்து விரிசல் விட்டால் கண்ணாடியை மாற்றித்தான் ஆகவேண்டும், அலையைப் பற்றி அவனிடம் வாய் திறக்கவேண்டாம். சூடான கண்ணாடிக்குத் தண்ணீர் தெளிப்பான் மட்டும்தான், அதுவும் பனி மாதிரி, தவறியும் ஊற்றக்கூடாது, அது இரண்டாவது பாடம். மூலையில் மண்பானைத் தண்ணீர் இருந்தது, குளிர்ந்த தண்ணீர். எதிரிக்குச் சகுனத் தடை ஆகவேண்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதை அவளுக்குத் தெரியாமல் இல்லை, புதுக் கண்ணாடி அவள் தலையில்தான் விழும், விழட்டும், மூக்குதானே. செம்பு நிறைய மொண்டு அந்தக் குத்தின்மேல் ஊற்றினாள். முறுக்கை ஒடிக்கிற சத்தம் கேட்டது. குத்திலிருந்து ஒரு கோடு கிளம்பி, வட்டத்தைக் குறுக்கே வெட்டி, யாரும் கேட்காமலே அந்தக் கோடிவரை போய் நின்றது.

ஆசீர் டீயோடு வந்தபோது அவள் கண்ணாடியின் ஓரத்துப் பசையை அறுக்கக் கம்பியைச் செருகிக்கொண்டிருந்தாள். விரிசல் விட்டுட்டா, எப்படி என்று கேட்டார். சூடாயிட்டு என்றாள். அவர் தலையை இப்படியும் அப்படியும் அசைத்து, வட்டத்தைப் பார்த்தார், வண்டியின் மூக்கில் வழிந்திருந்த தண்ணீரைப் பார்த்தார், தரையில் கிடந்த செம்பைப் பார்த்தார். யாரு வண்டி என்று கேட்பார் என்று நினைத்தாள், கேட்கவில்லை. டீயை ஸ்டூலில் வைத்துவிட்டு மறுபக்கம் வந்து கம்பியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். நான் இழுக்க, நீ இழுக்க என்று கல்யாணமான புதிதில் இருவரும் அறுத்த மாதிரியே அறுத்தார்கள். கண்ணாடி கழன்று வந்தது. மதுரையிலிருந்து புதுக் கண்ணாடி வர இரண்டு நாள் ஆகும் என்று ஃபோனில் சொன்னார்கள். முன்னால் ஒன்றுமில்லாமல் வண்டி வாயைப் பிளந்துகொண்டு நின்றது, டாஷ்போர்டில் அதற்குள் மண் படிய ஆரம்பித்திருந்தது. அவளுக்கு இதுவும் கொஞ்சம் இனித்தது, மறைப்பானேன்.

வெயில் தணிகிற நேரத்தில் கனகலிங்கத்தை அவன் ஆள் இறக்கிவிட்டுப் போனான். வண்டியைப் பார்த்தவன் கத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள், அவன் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றான், கிழடு தட்டியிருந்தான், காலையில் இது கண்ணில் படவில்லை. பழைய குத்து, சூடு தாங்கவில்லை, புதுக் கண்ணாடி என் பொறுப்பு, இரண்டு நாள் வண்டி இங்கேயே நிற்கட்டும் என்று அவள் சொன்னாள். இந்தக் காற்றில் இந்தத் திறந்த கொட்டகையில் நின்றால் உள்ளேயெல்லாம் மண் குமிந்துவிடும், வீடு இந்தா இருக்கு, ஓட்டிக்கொண்டே போய்விடுகிறேன் என்று அவன் ஏறி உட்கார்ந்தான். காற்று நேரே முகத்தில் அடித்தது. கண்ணைக் கசக்கினான். ரோடு பூரா லாரி, எப்படிம்மா போறது என்று அவளைத்தான் கேட்டான். குளோரி முகத்திலிருந்த துணியை அவிழ்த்தாள். இதோ வந்துவிட்டது. நாலு வருஷம் கழித்து அது தானாகவே நடந்து அவள் காலடிக்கு வந்திருந்தது.

"லாரிக்குப் பின்னாடி போகச் சொல்லி நான் சொன்னேனா, அண்ணாச்சி?"

அவன் சிரித்தான். நல்லாத்தான் பேசுத என்றான். அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்துச் சிரித்தான், அந்தச் சிரிப்பில் கள்ளமே இல்லை, அவனுக்கு ஞாபகமில்லை. வார்த்தையும் ஞாபகமில்லை, ஆளும் ஞாபகமில்லை, வெற்றிலைச் சாற்றைத் துப்புகிற மாதிரி அன்றைக்கு அங்கேயே துப்பிவிட்டுப் போயிருக்கிறான். அவள்தான் அதை வீட்டுக்கு எடுத்துவந்து நாலு வருஷம் சோறு போட்டு வளர்த்திருக்கிறாள். அவள் வண்டியின் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். என்ன செய்தால் இவனுக்கு வலிக்கும், எதை உடைத்தால், எல்லாவற்றையும் உடைத்தாயிற்றே.

பின்னால் ஸ்டூல் நகர்கிற சத்தம் கேட்டது. ஆசீர் எழுந்திருந்தார். அவன் பேசத் தொடங்கிய நேரத்திலிருந்து அவர் டீயைக் குடிக்கவில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. கட்டுக்குள்ளே கிடந்தவருக்குக் காது கட்டியிருக்கவில்லை. யாருமில்லை என்று அவள் சொன்னதை அவர் ஒரு நாளும் நம்பியிருக்கவில்லை. காலால் தரையைத் தடவித் தடவி வண்டிக் கதவுவரை வந்தார், ஒரு கையால் கதவின் விளிம்பைத் தொட்டுக்கொண்டார், மறுகையால் தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார்.

"இதப் போட்டுக்கிடுங்க அண்ணாச்சி. மண்ணு விழுந்துரும்."

வெயில் அவர் முகத்தில் முழுதாக விழுந்தது. மூடித் தைத்த இமை உள்ளே அமுங்கிக் கிடந்தது. அவள் அதை வீட்டுக்கு வெளியே, வெளிச்சத்தில் பார்த்ததே இல்லை. கனகலிங்கம் நீட்டின கையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், அவன் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் வாயிலேயே நின்றது. இது எப்படி ஆச்சு என்று மெதுவாகக் கேட்டான்.

"லாரிக்குப் பின்னாடி வந்தேன்" என்றார் ஆசீர்.

அவர் குரலில் குத்தல் இருந்ததா, இரக்கம் இருந்ததா என்று பதினாறு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கே பிடிபடவில்லை. கனகலிங்கம் இப்போது குளோரியைத் திரும்பிப் பார்த்தான், காலையிலிருந்து முதல் தடவையாக, ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டிலிருந்து பார்த்திருக்கவேண்டிய விதமாகப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். காற்று வாய்க்குள் மண்ணை அடைத்தது. கண்ணாடியை வாங்காமலும் இருக்க முடியவில்லை, வாங்கி மாட்டிக்கொண்டான், அது அவன் முகத்துக்குச் சிறியதாக இருந்தது. வண்டி கொட்டகையை விட்டு இறங்கிச் சாலை ஓரம்வரை போய் நின்றது. ஒரு டிப்பர் போனது, மயில் படம், தார்ப்பாய் இல்லை. அவன் சாலையில் ஏறவில்லை. இன்னொன்று போனது. தூசிக்குள் அவன் கறுப்புக் கண்ணாடியோடு ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குளோரி காற்று வருகிற பக்கமாக நகர்ந்து ஆசீரின் முகத்துக்கு நேரே கையை மறைப்பாக வைத்தாள். டீ ஆறியிருக்கும், உள்ள வாங்க என்றாள். அவர் வரவில்லை, அவளும் போகவில்லை. மூன்றாவது டிப்பரும் போனது, அவன் வண்டி இன்னும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது.